சொல் வேறு, பொருள் ஒன்று

மஸ்கெலியாத் தோட்டமொன்றிலே வேலை செய்யும் தொழிலாளியின் பெயர், செக்ரோலில் ஒருவிதமாகவும், பிறப்புச் சான்றிதழில் வேறுவிதமாகவும், அடையாள அட்டையில் இன்னொருவிதமாகவும் எழுதப்பட்டிருப்பது மலையகத்தார் அறியாததன்று. ஆள் ஒருவரே, எழுத்துத்தான் வேறு. எழுத்தை மட்டும் ஒப்புநோக்கும் அலுவலர் அவரை மூவராகக் கொண்டு அலைக்கழிப்பார். கணினித் துறையிலும் இதனையொத்த தொல்லையொன்று உண்டு.

மென்பொருள் எழுதுவோர் அதனைப் பிறர் கையிற் கொடுக்குமுன் சோதனைகள் சிலவற்றையும் எழுதிவைப்பர். சோதனை என்பது தானே இயங்கும் பரீட்சகர் எனலாம். இல்லாத கோப்பொன்றைத் திறக்கும்படி செய்நிரலை ஏவி, வரும் பிழைச்செய்தியைத் தம்மிடமுள்ள விடையோடு அவர் ஒப்பிடுவார். லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை, அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை என்னும் கருத்துப்பட ஆங்கிலத்தில் விடை கூறும். விண்டோஸோ, குறிப்பிட்ட கோப்பை முறைமையாற் கண்டறிய இயலவில்லை என்னும். கருத்து ஒன்றே. ஆயினும் லினக்ஸில் தேறிய சோதனை விண்டோஸில் தவறிவிடுகின்றது. செய்நிரலில் குற்றமில்லை, பரீட்சகருக்கு மனப்பாடம் ஒன்றே தெரியும்!

இதற்குச் சிலர் செய்யும் மருந்து நோயினும் கொடிது. ஒவ்வொரு முறைமைக்கும் தனித்தனி வாசகத்தை எழுதிவைப்பர்; கணினியின் மொழியை மாற்றியதும் அதுவும் பயனற்றுப் போகும். வேறு சிலர், பிழை எதுவாயினும் சரி என்று சோதனையைத் தளர்த்திவிடுவர். இங்கேதான் ஆபத்து. தோட்டத்துச் சம்பளக் கணக்கை வைத்திருக்கும் செய்நிரலொன்றை எண்ணிப் பாருங்கள். கணக்குக் கோப்பு இல்லையெனில் அது புதிதாக ஒன்றைத் தொடங்கலாம். கோப்பு இருந்தும் அதைத் திறக்க அனுமதி மறுக்கப்பட்டால், நின்று அறிவிக்கவேண்டும். இவ்விரண்டையும் வேறுபடுத்தாத செய்நிரல், பழைய கணக்கு ஓரிடத்திற் கிடக்க, வெறுங்கணக்கொன்றைத் தொடங்கிவிடும். தளர்ந்த சோதனையோ அதற்கும் முழுப் புள்ளி வழங்கிவிடும்.

அப்படியாயின் பிழையின் எண்ணைப் பார்த்தால் ஆகாதா எனில், அதுவும் முற்றும் போதாது. 'இப்போது இயலாது, பின்னர் முயல்க' என்னும் பிழைக்கு லினக்ஸில் எண் 11. மாக் கணினியில் 35. விண்டோஸ், கோப்பு இல்லாமைக்கு 2 என்றும், கோப்புக்குச் செல்லும் பாதையே இல்லாமைக்கு 3 என்றும் பிரித்துச் சொல்லும். லினக்ஸ் இரண்டையும் ஒன்றாகவே கூறும். யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளுக்காக 1988இல் வெளியான பொசிக்ஸ் நியமம், பிழைகளுக்குப் பொதுப் பெயர்களை வகுத்ததேயன்றி, எண்களையோ விளக்க வாசகத்தையோ வரையறுக்கவில்லை. ஆதலின் நம்பத்தக்கது பெயரே.

நிரல்மொழிகளும் இதனை உணர்ந்துகொண்டன. பைதன் மொழியின் 3.3 ஆம் பதிப்பு, 2012இல், கோப்பு இல்லாமைக்கும் அனுமதி மறுப்புக்கும் தனித்தனி வகைப் பெயர்களைத் தந்தது. விண்டோஸின் 2, 3 ஆகிய இரண்டையும் அது முன்னதன் கீழேயே அடக்கும். கோ என்னும் மொழியில், பிழை இன்ன வகையினதா என்று வினவும் வசதி 2019இல் வந்தது. அவ்வாறு வினவும் சோதனை எந்த முறைமையிலும் ஒரே விடை பெறும்.

எனினும் வாசகத்தைச் சோதிக்கவே கூடாதென்பதன்று. முறைமை தரும் சொற்கள் பிறருடையவை. அவற்றோடு செய்நிரல் தானாகச் சேர்த்துச் சொல்வது எழுதியவருடையது. எந்தக் கோப்புக் கிடைக்கவில்லை, அடுத்து என்ன செய்யவேண்டும் என்பன கணக்கப்பிள்ளைக்கு விளங்கும்படி வருகின்றனவா என்பதைச் சோதனை சொல்லுக்குச் சொல் பார்க்கட்டும். கோப்பின் பாதையை ஒப்பிடுமிடத்து மட்டும், விண்டோஸ் இடப்புறம் சாய்ந்த கோட்டையும் ஏனையவை வலப்புறம் சாய்ந்த கோட்டையும் இடுவதை மறவாதிருத்தல் வேண்டும்.