கட்டிலைச் சுமந்தவர்



முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் கட்டிலோடு சுமந்து வந்து, கூரையைப் பிரித்து ஆண்டவர் முன் இறக்கியதை மாற்கு நற்செய்தியில் கேட்டிருக்கிறோம். அந்த நால்வரின் பெயர் நமக்குத் தெரியாது. பெயர் தெரிந்த ஒருவரைப் பற்றி இன்று சொல்கிறேன்.

மொரிஸ் ஸ்டோக்ஸ் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் அருகே பிறந்த கறுப்பின இளைஞர். லொரெட்டோ ஊரில் பிரான்சிஸ்கன் துறவிகளின் கல்லூரியில் படித்து, 1955-ல் ராயல்ஸ் அணியில் தொழில்முறைக் கூடைப்பந்து வீரரானார். முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுக வீரர் விருது பெற்றார். அவர் ஆடியது மூன்றே பருவங்கள்.

1958 மார்ச் 12 அன்று மினியாபொலிஸ் நகரில் ஆடும்போது கீழே விழுந்து, தலையில் அடிபட்டு நினைவிழந்தார். மயக்கம் தெளிவித்து மறுபடியும் ஆடவிட்டார்கள். அக்காலத்தில் தலைக்காயத்தை அப்படித்தான் எண்ணினார்கள். மூன்று நாள் கழித்து டெட்ராய்ட்டில் ஆடிவிட்டு விமானத்தில் திரும்புகையில் நோய் முற்றி உணர்விழந்தார். விழித்தபோது கை கால் அசையவில்லை, பேச்சும் இல்லை. வயது 24.

பருவம் முடிந்ததும் அணியினர் தத்தம் ஊருக்குப் போய்விட்டார்கள். அணியின் ஊரான சின்சினாட்டியிலேயே குடியிருந்தவர் ஜாக் ட்வைமன். வெள்ளையர், வயது 23. இருவரும் உயிர் நண்பர்கள் அல்லர்; ஒரே அணி, அவ்வளவுதான்.

மருத்துவச் செலவு ஏறிக்கொண்டே போனது. வங்கியில் கிடந்த சொந்தப் பணத்தை எடுக்கக்கூட ஸ்டோக்ஸால் கையெழுத்திட முடியாது. ஆகவே ட்வைமன் நீதிமன்றம் சென்று அவருடைய சட்டப்படியான காப்பாளரானார். வேலையில் ஏற்பட்ட காயம் இது என்று வாதாடி, ஒகையோ மாநிலத்தின் தொழிலாளர் இழப்பீட்டைப் பெற்றுத் தந்தார். அதுவும் போதாமல், கோடைதோறும் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் உதவி ஆட்டம் நடத்தினார். பெயர்பெற்ற வீரர்கள் வந்து ஆடிக் கொடுத்தார்கள். விண்ணப்பம், கணக்கு, மருத்துவமனை ரசீது என்று அலைச்சலான அன்பு அது. இத்தனைக்கும் நடுவே 1959-60 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 31 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார்!

பேசுவது எப்படி? ட்வைமன் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். வேண்டிய எழுத்து வந்ததும் ஸ்டோக்ஸ் கண் சிமிட்டுவார். ஒரு சொல் சேர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்! நம் வீட்டில் படுத்திருக்கும் பெரியவர் ஒன்றையே இரண்டுமுறை கேட்டால் நமக்கு முகம் மாறிவிடுகிறது.

பன்னிரண்டு ஆண்டுகள் இப்படியே சென்றன. விடாப்பயிற்சியால் ஸ்டோக்ஸ் சிறிது பேசவும் தட்டச்சு செய்யவும் கற்றுக்கொண்டார். 1970 ஏப்ரல் 6 அன்று மாரடைப்பால் இறந்தார். அவர் விரும்பியபடியே, தாம் படித்த கல்லூரி வளாகத்தில் துறவிகளின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

2004-ல் ஸ்டோக்ஸின் பெயர் கூடைப்பந்துப் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டது. அவர் சார்பில் அந்த மரியாதையைப் பெற்றுக்கொள்ள மேடையேறியவர், எழுபது வயது ட்வைமன்.