வீட்டுக்குள்ளும் ஓடி ஆடட்டும் நம் மழலைகள்

(மக்தப் பெற்றோர் கூட்டத்தில் நம் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

 

ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையே நல்ல பிள்ளை என்று நாமும் பல்லாண்டுகள் எண்ணியிருந்தோம். மக்தபில் அத்தகைய பிள்ளைகளையே புகழ்ந்தும் வந்தோம். ஒருநாள் ஹவுளின் ஓரத்தில் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒளுச் செய்யக் கற்றுக்கொடுத்தோம். நாம் அதிகம் புகழ்ந்த பிள்ளை, ஒரு காலைத் தூக்கிக் கழுவ இயலாமல் தடுமாறிச் சுவரைப் பற்றிக்கொண்டது. விசாரித்ததில், மழைக்காலம் முழுவதும் அது வீட்டில் கைப்பேசியோடு அமர்ந்திருந்தது தெரியவந்தது. அன்று நம் புகழ்ச்சி நமக்கே உறுத்தியது.

ஓடுதல், தாண்டுதல், ஒற்றைக் காலில் நிற்றல், பந்தைப் பிடித்தல் ஆகியவை வயது கூடுவதால் மட்டும் செவ்வையாக அமைந்துவிடுவன அல்ல. எழுத்தைப் போலவே இவையும் பழகப் பழகவே கைகூடும். 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடங்களேனும் உடலசைவோடு இருக்க வேண்டும்; அதில் 60 நிமிடங்களேனும் மூச்சு வாங்க ஆட வேண்டும்; திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

"வீடு சிறியது, தெருவிலோ வாகனங்கள்" என்று தாய்மார்கள் கூறலாம். பாய் விரிக்கும் இடமே போதுமானது. தரையில் ஒரு கயிற்றை நீட்டி, அதன்மேல் அடிமேல் அடிவைத்து நடக்கச் செய்யுங்கள். தடுமாறாது நிற்கும் ஆற்றல் வளரும். சுண்ணக்கட்டியால் கட்டம் வரைந்தால் பாண்டி ஆடலாம். பழந்துணியைப் பந்தாகச் சுருட்டி வாளியில் எறியட்டும். கண்ணும் கையும் இணைந்து பழகும். தவளையாய்த் தத்தட்டும், கட்டிலுக்கடியில் தவழட்டும். கூர்முனைப் பொருள்களையும் வெந்நீரையும் முன்னரே அகற்றிவிட்டு, பெரியவர் ஒருவர் உடனிருத்தல் அவசியம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஸுஜூதில் இருக்கையில் பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ள, அதனை அவசரப்படுத்த விரும்பாமல் ஸுஜூதை நீட்டினார்கள் என்று ஹதீஸில் ஓதுகிறோம். தொழுகையிலேயே மழலைக்கு இடமளித்த அவர்களின் உம்மத்தாகிய நாம், நம் கூடத்தில் இடமளிக்கத் தயங்கலாமா?

தந்தையரே! கடையடைத்து வந்ததும் கால் மணி நேரமேனும் பிள்ளையோடு பாயில் இறங்குங்கள்.

அந்தப் பிள்ளையின் தாயார் வீட்டில் கயிற்று நடையைப் பழக்கினார். சில மாதங்களில் அது சுவரைத் தொடாமலே காலைக் கழுவியது. இப்போது நம் மக்தபிலும் பாடங்களுக்கிடையே பிள்ளைகளை எழுப்பி ஆடவிடுகிறோம். அல்ஹம்துலில்லாஹ்.

வஸ்ஸலாம்.