நோய் நீங்கியும் நீங்காத சொல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிறைவு விழாவில் வாழ்த்துரை வழங்குவதே மரபு. நானோ ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மதுரையில் நிகழ்ந்த ஒரு கவியரங்கில், கையூட்டைச் 'சமுதாயத்தின் தொழுநோய்' என்று பாடினேன். கைதட்டல் எழுந்தது. கூட்டம் கலைந்தபின், துண்டுக்குள் கைகளை மறைத்தபடி ஒரு பெரியவர் எனக்காகக் காத்திருந்தார். "எனக்கு மருந்து தின்னு முடிச்சு இருபது வருசமாச்சும்மா. பாட்டுக் கேக்க வந்தா இங்கயும் அதைத்தான் சொல்றீக" என்றார். அவரை நான் பல கூட்டங்களில் கடைசி வரிசையில் கண்டிருக்கிறேன். தேநீர் வழங்கும் நேரத்தில் எழுந்து போய்விடுவார். கோப்பைக்கு நீளும் கையைப் பிறர் பார்ப்பார்களே என்னும் அச்சம் அது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

நோய் அவர் உடலைவிட்டு நீங்கிவிட்டது. மொழியைவிட்டு நீங்கவில்லை. அதற்குப் பொறுப்பு மருத்துவரா, நாமா?

வைகையை எதிர்த்து வந்த ஏடுகள் என்று நம் ஊர் மரபு போற்றும் நாலடியாரில், தீவினையச்சம் என்னும் அதிகாரத்தில் ஒரு வெண்பா உண்டு. நண்டின் காலை முறித்துத் தின்ற பழவினையே விரல் அழுகும் தொழுநோயாக வந்தடையும் என்கிறது. 1954இல் வெளிவந்த இரத்தக்கண்ணீர் திரைப்படத்திலோ அந்நோய் ஒழுக்கம் தவறியவனுக்குக் கிடைத்த தண்டனை. எம்.ஆர். இராதாவின் நடிப்பை நாம் மறக்கவில்லை. அந்தத் தீர்ப்பையும் மறக்கவில்லை.

ஆனால் இந்நோய்க்குக் காரணம் வினையன்று, ஒரு கிருமி என்பதை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இலேயே கண்டறிந்தார். விரல்கள் நோயால் தாமே அழுகி உதிர்வதில்லை என்றும், உணர்விழந்த கை சூடும் வெட்டும் அறியாது காயப்படுவதாலேயே சிதைகிறது என்றும் வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டு எடுத்துக்காட்டினார். 1980களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை ஆறு மாதம் அல்லது ஓராண்டில் நோயைக் குணப்படுத்துகிறது. மருந்து தொடங்கிய சில நாள்களிலேயே பிறர்க்குத் தொற்றும் ஆற்றல் அடங்கிவிடுகிறது. சட்டமும் தன்னைத் திருத்திக்கொண்டது. நோயாளரை ஒதுக்கிவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. மணவிலக்குக்குரிய காரணங்களுள் ஒன்றாயிருந்த தொழுநோய் 2019இல் அப்பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது.

நம் கவிதை மட்டும் இன்னும் திருந்தவில்லை. 'வெறும் உருவகந்தானே' என்று நீங்கள் கேட்கலாம். உணர்ச்சியற்ற தேமல் ஒன்று தோலில் தோன்றிய உடனே மருத்துவரிடம் காட்டினால் கைகால்களைக் காக்கலாம். அந்தச் சொல்லுக்கு அஞ்சியே அதை உடைக்குள் மறைப்பவர் உண்டு. மகளின் திருமணம் முடியட்டும் என்று காத்திருப்பவரும் உண்டு. அதற்குள் நரம்பு கெடுகிறது. குணமடைந்த பின்னும் உறக்கமின்மை, தாழ்வுணர்வு, தனிமை, சிலருக்கு உயிரையே வெறுக்கும் நிலை ஆகியவை தொடர்கின்றன. மாத்திரை கிருமியைக் கொல்லும். 'நான் தீண்டத்தகாதவன்' என்று நெஞ்சில் பதிந்த எண்ணத்தைக் கொல்லாது.

நாலடியாரை ஒதுக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அதை இன்றும் வகுப்பில் நடத்துகிறேன். அப்பாடல் எழுந்த காலத்தில் கிருமி அறியப்படவில்லை என்பதையும் உடன் சொல்லியே நடத்துகிறேன். அறியாத காலத்துப் புலவர்க்கு அந்தச் சொல் மன்னிக்கப்படும். அறிந்த நமக்கு மன்னிப்பில்லை. கவிஞர்களிடம் நான் வேண்டுவது இதுதான்: ஒரு மனிதரின் நோயை மற்றொருவரின் இழிவுக்குப் பெயராக வைக்காதீர்கள்.

என் கவிதையில் அவ்வரியை அடித்துவிட்டேன். ஈடான உருவகம் இன்றுவரை கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன, கையூட்டைக் கையூட்டு என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

அப்பெரியவர் அந்த நாளுக்குப்பின் எந்தக் கூட்டத்திற்கும் வரவில்லை. இவ்வட்டம் அடுத்த பத்தாண்டில் அடியெடுத்து வைக்கும்போது, அவரைப் போன்றோர் தேநீர் நேரத்திலும் நம்மோடு அமர்ந்திருக்கும் அவையாக இது வளர வேண்டும்.