படத்தில் நிற்கும் காரும் பெயர் தெரியாத பிள்ளைகளும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு மலருக்குப் பழைய படங்கள் சேர்த்தபோது, முன்வாசலில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் கிடைத்தது. பதினெட்டுப் பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள், பக்கத்தில் ஒரு கார். மட்டையின் கீழே ஆசிரியைகளின் பெயர்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு "மாணவிகள்" என்ற ஒரு சொல் மட்டுமே. ஆண்டு இல்லை. ஆண்டு தெரிந்தால் சேர்விடாப்பைத் திறக்கலாம், இடாப்பைத் திறந்தால் பெயர்களைத் தேடலாம். அந்த ஆண்டைச் சொல்லக்கூடியது காராகத்தான் இருந்தது. அதனால்தான் பெண்கள் கூட்டத்தில் மோட்டார்க் காரைப் பற்றிப் பேச நிற்கிறேன்.

முதலில், படம் இடம் வலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டால் எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஆகிவிடும். ஆசிரியைகளின் சேலைத் தலைப்பு இடது தோளில் இருக்கிறது. காரின் ஸ்டியரிங் வலது பக்கம். ஆகவே படம் சரியாகத்தான் அச்சாகியிருக்கிறது.

அந்தக் காரை ஒரு அக்கா "மொரிஸ் மைனர்" என்றார். இன்னொருவர் "ஹட்சன்" என்றார். அந்தக் காலத்தில் நம் மலைப்பாதைகளில் ஓடியவை பெரும்பாலும் மொரிஸ், ஒஸ்டின், ஹில்மன் போன்ற இங்கிலாந்துக் கார்கள். இது அந்தச் சாயலில் இல்லை. முன்சக்கரத்தின் மேல்பாதியை உடல் தகடு மூடியிருக்கிறது. சேலையின் கரை பாதத்தை மறைப்பதுபோல் சக்கரம் உள்ளே ஒளிந்திருக்கிறது. 1950களின் முற்பாதியில் இப்படி முன்சக்கரத்தை மூடிக் கார் செய்ததில் பேர்போனது அமெரிக்காவின் நாஷ் நிறுவனம். கெல்வினேட்டர் குளிர்சாதனப் பெட்டியும் அவர்களுடையதுதான்.

நாஷ் என்று தெரிந்தாலும் வேலை முடியவில்லை. மூடிய சக்கரத்தோடு மூன்று வகைக் கார்கள் இருந்தன. மிகச் சிறியது மெட்ரோபொலிட்டன். 1954இல் விற்பனைக்கு வந்தது, நாஷுக்காக இங்கிலாந்தில் ஒஸ்டின் செய்து கொடுத்தது. அதற்கு இரண்டே கதவு. நம் படத்தில் நான்கு கதவு தெரிவதால் அதை விட்டுவிடலாம். மற்றவை, பெரிய நாஷ் கார்களும், அமெரிக்கர் அந்நாளில் "சிறிய கார்" என்று கருதிய ராம்ப்ளரும்.

பெரியதா சிறியதா என்பதை அளந்துதான் பார்க்க வேண்டும். கார் பக்கவாட்டில், முன்வராந்தாவுக்கு நேர்கோட்டில் நிற்கிறது. பின்னாலுள்ள தூண்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. தூணுக்கும் தூணுக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து, அதையே அளவுகோலாக்கிப் படத்தில் முன்சக்கர நடுவுக்கும் பின்சக்கர நடுவுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டோம். ஒன்பது அடியும் மூன்று அங்குலமும் வந்தது. கார் தூண்களுக்கு முன்னால், கமராவுக்குக் கிட்ட நிற்கிறது. கிட்ட நிற்பது பெரிதாகத் தெரியும். எனவே உண்மையான தூரம் நம் கணக்கைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பெரிய நாஷ் வகைகளில் குட்டையான ஸ்டேட்ஸ்மனுக்கே 1952 முதல் அந்தத் தூரம் ஒன்பதரை அடியைச் சற்றுத் தாண்டும். நான்கு கதவு ராம்ப்ளருக்குச் சரியாக ஒன்பது அடி, அதாவது 108 அங்குலம். நம் படத்துக்குப் பொருந்துவது ராம்ப்ளரே.

ராம்ப்ளர் 1950இல் வெளிவந்தது. ஆனால் நான்கு கதவோடு வந்தது 1954 மாதிரியில்தான். அடுத்த 1955 மாதிரியில் முன்சக்கரத்தை மூடிய தகட்டை வெட்டிச் சக்கரம் தெரியும்படி திறந்துவிட்டார்கள். நான்கு கதவும் மூடிய முன்சக்கரமும் ஒன்றாக இருந்தது 1954 மாதிரியில் மட்டுமே. "ஹட்சன்" என்ற அக்காவின் நினைவும் ஆதாரமில்லாததல்ல. 1954இல் நாஷும் ஹட்சனும் ஒன்றாகி அமெரிக்கன் மோட்டர்ஸ் ஆயின. 1955இல் இதே ராம்ப்ளர் ஹட்சன் பெயரிலும் விற்கப்பட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காரின் ஆண்டு படத்தின் ஆண்டு ஆகாது. "இதற்கு முன் எடுத்திருக்க முடியாது" என்று மட்டுமே கார் சொல்லும். நம் நாட்டில் ஒரு காரை இருபது, முப்பது வருடம் ஓட்டுவது புதுமையில்லை. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுகியபோது, இருந்த வண்டியைத்தான் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள்.

அதே கட்டில் இன்னொரு படம், காரின் பின்பக்கம் தெரிய. இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகளும் எண்களும். 1957 தொடக்கத்தில் புதிய வாகனங்களுக்குச் சிங்கள "ஸ்ரீ" எழுத்து வந்ததும், அதற்கெதிராகப் போராட்டம் எழுந்ததும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆகவே கார் அதற்கு முன்பே பதிவானது. ஆனால் பழைய வண்டி பழைய இலக்கத்தோடேதான் ஓடும். தகடும் படத்துக்கு மேலெல்லை தராது.

மேலெல்லையைத் தந்தது நம் பாடசாலையே. இன்று மாடிக் கட்டடம் நிற்கும் இடத்தில், படத்தில் தேயிலைச் சரிவுதான் தெரிகிறது. அந்தக் கட்டடத்தின் திறப்பு விழாக் கல்லில் உள்ள ஆண்டு 1959. எனவே படம் 1954க்கும் 1959க்கும் இடையில் எடுத்தது. ஆறு வருட இடாப்பைப் புரட்டுவது ஆகக்கூடிய வேலை.

இந்த ஆறு வருடம் ஏன் முக்கியம்? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் நாடற்றவராகியிருந்த காலம் அது. தோட்டப் பாடசாலை பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். லயத்திலிருந்து டவுன் பாடசாலைக்குப் பெண்பிள்ளையை அனுப்புவது அன்று எளிதான காரியமா? படத்தில் சப்பாத்தோடு நிற்பவர்களும் வெறுங்காலோடு நிற்பவர்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அதன் பின் 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று கணக்கு எழுதினார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எத்தனையோ குடும்பங்கள் ரயிலேறித் தலைமன்னார் போய்க் கப்பலேறின. கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் கொழுந்துக் கூடையைச் சுமந்தவர்கள் பலர். இந்தப் பதினெட்டுப் பேரில் சிலரும் அப்படிப் போயிருக்கக்கூடும். இருப்பவர்களுக்கு இன்று எண்பதை ஒட்டிய அல்லது தாண்டிய வயது.

இதுவரை நான்கு பேருக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. மற்றவர்களுக்காக உங்கள் உதவி வேண்டும். சில முறைகளைப் பின்பற்றுவோம்.

வீட்டிலுள்ள பெரியவர்களிடம் படத்தைத் தனித்தனியாகக் காட்டுங்கள். கூட்டமாக வைத்துக் கேட்டால் முதலில் பேசுபவர் சொன்னதே எல்லோருக்கும் நினைவாகிவிடும். "இது இன்னாரா?" என்று கேட்காமல் "இது யார்?" என்று கேளுங்கள். இரண்டு பேர் வெவ்வேறாக ஒரே பெயரைச் சொல்லி, இடாப்பிலும் அது இருந்தால்தான் உறுதியென்று எழுதுவோம். ஊகத்தை ஊகமென்றே குறிப்போம்.

படத்தைக் கைத்தொலைபேசியில் "தெளிவாக்கி" அனுப்பாதீர்கள். மங்கிய முகத்தை அந்தச் செயலிகள் தங்கள் கற்பனையால் நிரப்பிவிடும். கடைசியில் வேறு யாரோ ஒரு பெண்ணின் முகம் நம்மைப் பார்க்கும். உங்களிடம் பழைய படங்கள் இருந்தால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து அனுப்புங்கள். பின்னால் பேனையால் எழுதாதீர்கள், மெதுவாகப் பென்சிலால் எழுதுங்கள். ஓரத்தில் நிற்கும் வண்டியையோ மரத்தையோ கட்டடத்தையோ வெட்டி எறிந்துவிடாதீர்கள். ஆண்டு அங்கேதான் இருக்கும்.

கார் யாருடையது என்று பலர் கேட்கிறார்கள். துரையுடையதாக இருக்கலாம், டொக்டருடையதாக இருக்கலாம். அந்தத் தேடலை ஆர்வமுள்ளவர்களிடம் விட்டுவிடுகிறேன். எனக்கு வேண்டியது முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்கும், இரட்டைப் பின்னல் போட்ட, வெறுங்கால் பிள்ளையின் பெயர். தெரிந்தவர்கள், எந்த ஊரில், எந்த நாட்டில் இருந்தாலும், சங்கச் செயலாளருக்கு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த பதிப்பில் "மாணவிகள்" என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பதினெட்டுப் பெயர்களையும் அச்சிட வேண்டும்.