மனச்சோர்வுக்கு மாத்திரையும் வேணும், பேச்சும் வேணும்

(தோட்ட சுகாதாரக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



இரண்டு கிழமைக்கு மேலாக மனம் கனத்துக் கிடக்கும். தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, பெரட்டுக்குப் போகக் கால் எழும்பாது. "நான் இருந்து என்ன பயன்" என்ற எண்ணம் வரும். இதை லயத்திலே சோம்பல் என்பார்கள், பேய்க்கோளாறு என்பார்கள். இரண்டும் இல்லை. இது மனச்சோர்வு என்ற நோய். சுகப்படுத்தலாம்.

வழி இரண்டு உண்டு. ஒன்று, டொக்டர் எழுதித் தரும் மாத்திரை. மற்றது, பயிற்சி பெற்ற ஒருவரோடு கிழமைக்குக் கிழமை உட்கார்ந்து பேசும் சிகிச்சை.

எது நல்லது என்று கேட்பீங்க. லேசான சோர்வுக்குப் பேச்சு மட்டுமே போதுமாகலாம். நோய் கடுமையாகவோ நாள்பட்டோ இருந்தால் இரண்டும் சேர்ந்தால்தான் பலன் அதிகம். நாள்பட்ட மனச்சோர்வுள்ள 681 பேருக்கு 12 கிழமை வைத்தியம் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியானது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 100க்கு 48 பேருக்குக் குணம் தெரிந்தது. பேச்சு மட்டும் பெற்றவர்களிலும் 48 பேர்தான். இரண்டும் பெற்றவர்களில் 73 பேர். வேறு மாத்திரைகளோடு நடந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன.

ஏன் அப்படி? மாத்திரை தூக்கத்தையும் தெம்பையும் திருப்பித் தரும். வீட்டுக்காரரின் குடியையும் கடைக் கடனையும் அது தீர்க்காது. "என்னால் ஒன்றும் முடியாது" என்று ஊறிப்போன நினைப்பைப் பேச்சுத்தான் மெல்ல மாற்றும். ஆனால் படுக்கையை விட்டு எழும்பவே முடியாதவர் பேச எப்படி வருவார்? அதற்கு மாத்திரை கைகொடுக்கும்.

இதைக் கவனமாகக் கேளுங்க. பத்து நாள் போட்டுவிட்டு "ஒன்றும் கேட்கலை" என்று நிறுத்துகிறவர்கள் பலர். கவ்வாத்து வெட்டிய செடி மறுநாளே கொழுந்து தருமா? மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நாலு கிழமை ஆகும். ஆரம்பத்தில் குமட்டல், தலைவலி வரலாம். பெரும்பாலும் தானாக அடங்கும். மனம் இன்னும் மோசமானால் உடனே டொக்டரிடம் சொல்லணும். சுகமான பிறகும் ஆறு மாதமாவது தொடரணும். நிறுத்துவதானால் டொக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கணும். சாராயம் கூடவே கூடாது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த வைத்தியம் இலவசம். யாராவது "சாகணும்" என்று சொன்னால் சும்மா பேச்சு என்று விடாதீங்க. தனியே இருக்க விடாதீங்க. களைக்கொல்லி, மாத்திரை எல்லாம் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம்.

காய்ச்சலுக்கு மருந்தெடுக்க நாம் வெட்கப்படுவதில்லை. இதற்கும் வெட்கம் வேண்டாம்.