எட்டு மணி நேரமும் ஒரு கெடு தேதியும்



அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பில் ஹாஸ்லம் ஆளுநராக இருந்தபோது, 2014-இல் ஒரு சட்டம் வந்தது. பள்ளி முடிக்கிற பிள்ளைகள் அரசின் சமுதாயக் கல்லூரியில் கட்டணம் கட்டாமல் படிக்கலாம். பெயர் ‘டென்னசி பிராமிஸ்’. சேர்வதற்குப் பெரிய மதிப்பெண் கேட்கவில்லை, குடும்ப வருமானத்துக்கு வரம்பு போடவில்லை. மற்ற உதவிகள் போக மீதிக் கட்டணத்தை லாட்டரி வருமானத்திலிருந்து மாநிலம் கட்டிவிடும். மறுவருடமே பதினாறாயிரம் பேர் வந்து சேர்ந்தார்கள். பதிலுக்கு அரசு கேட்டது, பருவத்துக்கு எட்டு மணி நேரம் ஊருக்கு உழைப்பு. உணவு வங்கியில் பொட்டலம் கட்டலாம், நூலகத்தில் புத்தகம் அடுக்கலாம், பூங்காவைச் சுத்தம் செய்யலாம்.

எட்டு மணி நேரம்! ஒரு நாள் வேலை. கை தட்டத் தோன்றுகிறதா? தட்டுங்கள், நல்ல திட்டம்தான். ஆனால் அந்த எட்டு மணி நேரத்தைக் குறித்த தேதிக்குள் முடித்துப் பதிவு செய்யாவிட்டால் உதவித்தொகை போய்விடும். அங்கேதான் மனம் பதறுகிறது.

காலையில் வகுப்பு, மாலையில் கடையில் கல்லா, இரவில் தம்பி தங்கைக்குச் சோறு. இப்படி ஒரு பெண் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறாள். சொந்த வண்டி இல்லை. மலையோர ஊர்களில் நினைத்த நேரத்துக்குப் பஸ்ஸும் வராது. கெடு தேதி தப்பினால் தப்புவது அவள் படிப்பு.

“சும்மா வாங்கிப் படிக்கிறார்கள்” என்று சிலர் பேசித் திரிகிறார்கள். மக்கள் வரிப்பணத்தில் பட்டம் வாங்கியபோது அவர்களிடம் எட்டு நிமிடத்துக்காவது யாரும் கணக்குக் கேட்டதுண்டா? ஏழை வீட்டுப் பெண்ணிடம் மட்டும் ஏன் இந்தக் கணக்கு?

புளோரிடாவைப் பாருங்கள். 1997-இல் தொடங்கிய ‘பிரைட் ஃபியூச்சர்ஸ்’ உதவித்தொகை. முழுக் கட்டணம் தரும் பிரிவுக்கு 100 மணி நேரச் சேவை, அடுத்த பிரிவுக்கு 75. அதுவும் பள்ளியில் படிக்கும்போதே. வசதியான வீட்டுப் பிள்ளையை அம்மா காரில் கொண்டுபோய் மருத்துவமனை வாசலில் விடுவார். மணி நேரம் சேர்ந்துவிடும். கல்லாவில் நின்றவளின் உழைப்போ கணக்கில் ஏறவில்லை, சம்பளம் வாங்கினாளாம்! அந்தச் சம்பளம் வீட்டு வாடகைக்குப் போனதை எந்தப் படிவம் கேட்டது? 2022-இல்தான் சட்டத்தைத் திருத்தி, 100 மணி நேரச் சம்பள வேலையும் செல்லும் என்றார்கள். திட்டம் பிறந்து கால் நூற்றாண்டு கழித்து!

இதைச் சரியாகச் செய்த இடமும் உண்டு. கென்டக்கி மாநிலத்தில் பெரியா கல்லூரி. 1855-இல் தொடங்கியது. அடிமை முறை நடந்துகொண்டிருந்த மாநிலத்தில், அதை எதிர்த்த ஜான் ஃபீ என்ற பாதிரியார் தொடங்கியது. 1892 முதல் அங்கே படிப்புக் கட்டணமே கிடையாது. ஆனால் எல்லா மாணவரும் வாரம் பத்து மணி நேரமாவது வேலை செய்தாக வேண்டும். துடைப்பம் கட்டுவார்கள், தறி நெய்வார்கள், பண்ணையில் இறங்குவார்கள். அந்த வேலைக்குக் கூலி உண்டு. கேட்டீர்களா, கூலி உண்டு! இந்தக் கைதட்டல் பெரியாவுக்கே போகட்டும்.

அதே பெரியாவில்தான் 1990-இல் பானர் உதவித்தொகை பிறந்தது. கொடுத்தவர்கள் பெர்ட்ரம் பானரும் அவர் மனைவி கொரெல்லாவும். நிலக்கரிச் சுரங்க ஊர்களில் வறுமையில் வளர்ந்தவர் கொரெல்லா. அவர்கள் கேட்ட சேவை டென்னசியைவிடப் பல மடங்கு: வாரம் சுமார் பத்து மணி நேரம், கோடை விடுமுறையில் 280 மணி நேரம். ஆனால் அந்த நேரத்துக்கே பணம் கொடுத்தார்கள். சேவை செய்யப் போனவள் கடை வேலையை இழந்து தவிக்க வேண்டியதில்லை. பசியை அறிந்தவர் வைத்த நிபந்தனை இப்படித்தான் இருக்கும்.

உதவித்தொகை கொடுக்கிற அறக்கட்டளைக்காரர்கள் இந்த அரங்கில் பலர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விண்ணப்பத்தில் ‘சேவை நேரம்’ என்று ஒரு கட்டம் போடுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதன் கீழேயே ‘வீட்டுக்காகச் செய்யும் வேலை’ என்று இன்னொரு கட்டம் போடுங்கள். போய்வரும் பஸ் காசைத் தொகையோடு சேர்த்துக் கொடுங்கள். தேதி தவறியவளை நீக்குமுன் ஒருமுறை கூப்பிட்டு, ஏன் என்று கேளுங்கள்.