சேவைச் சங்கங்களும் நமது கடமையும்

(கிராமக் கூட்டுறவு நாணய சங்க அங்கத்தினர் கூட்டத்தில், கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)



நான் இங்கு வரும்போதெல்லாம் தவணைப் பாக்கியையும் பேரேட்டையும் பற்றியே பேசுவது வழக்கம். இன்று அவற்றைச் சற்று ஒதுக்கி வைத்து, பிறர் துயர் தீர்க்கத் தாமே முன்வரும் சேவைச் சங்கங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

1905-ம் வருஷம் பிப்ரவரி 23-ந் தேதி, அமெரிக்காவிலுள்ள சிகாகோ நகரில், பால் ஹாரிஸ் என்னும் வக்கீல் மூன்று நண்பர்களுடன் கூடி ரோட்டரி சங்கத்தைத் தொடங்கினார். அங்கத்தினர்களின் காரியாலயங்களில் முறைவைத்து மாறி மாறிக் கூடியதால் அப்பெயர் உண்டாயிற்று. ஆதியில் அவர்கள் நாடியது சிநேகமும் தொழிலில் பரஸ்பர உதவியுமே. சில வருஷங்களுக்குள் அந்நகரத்தில் பொதுக் கழிப்பிடம் அமைக்க முயற்சி செய்தனர். தம்மவர்க்கு என்று தொடங்கியது ஊருக்கு என்று விரிந்தது. சென்னையில் ரோட்டரி சங்கம் 1929-ல் ஏற்பட்டது.

அதே சிகாகோவில் 1917-ல் மெல்வின் ஜோன்ஸ் லயன்ஸ் சங்கத்தை ஸ்தாபித்தார். கண்ணும் காதும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் 1925-ல் அவர்களது மகாநாட்டில் குருடர்களுக்காக வேண்டிக் கொண்டார். அன்று முதல் கண்ணொளி காப்பது அச்சங்கத்தின் தலையாய தொண்டாக விளங்குகிறது.

இளம்பிள்ளை வாதத்தை எதிர்த்து நடந்த தொண்டு இவற்றினும் பெரிது. 1979-ல் பிலிப்பைன்ஸ் தேசத்தில் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்க ரோட்டரியார் முற்பட்டனர். 1985-ல் உலகம் முழுவதற்கும் அதை விரிவு செய்து, 12 கோடி டாலர் திரட்டத் தீர்மானித்தார்கள். 1988-க்குள் சேர்ந்ததோ 24 கோடிக்கு மேல்! அவ்வருஷம் சர்வதேச சுகாதார ஸ்தாபனமும் பல சர்க்கார்களும் ஒன்றுசேர்ந்தன. அப்பொழுது 125 நாடுகளில் வருஷந்தோறும் 3,50,000 குழந்தைகள் இந்நோயால் முடமாயினர். நம் நாட்டில் 1995 முதல் சொட்டு மருந்து நாட்கள் நடைபெற்றன. குளிர்ப்பெட்டியைத் தோளில் சுமந்து, வீடு வீடாகச் சென்று, மருந்து பெற்ற குழந்தையின் விரலில் மையிட்டு, விடுபட்ட வீட்டுக்கு மறுபடியும் நடந்தார்கள் தொண்டர்கள். 2011 ஜனவரிக்குப் பின் இங்கு இயற்கைக் கிருமியால் அந்நோய் தோன்றவில்லை. 2014 மார்ச்சு 27-ந் தேதி அத்தாட்சியும் கிடைத்தது. எனினும் பாகிஸ்தானத்திலும் ஆப்கானிஸ்தானத்திலும் அது இன்னும் ஒழியவில்லை. ஆகவே நாமும் அசட்டையாயிருக்கலாகாது.

என் சிற்றப்பா மூன்றாம் வயதில் இந்நோயால் ஒரு கால் சூம்பிப் போனவர். அந்நாளில் எங்கள் கிராமத்துக்கு மருந்து எட்டவில்லை. இன்றும் வரப்பில் கோலூன்றியே நடக்கிறார். என் மகனுக்கு முதல் சொட்டுப் போட்ட தினத்தில் அவனைத் தம் மடியில் வைத்துக்கொண்டிருந்தவர் அவரே. "எனக்கும் ஒருவர் வந்திருக்கலாமே" என்று அவர் மெல்லச் சொன்னது இன்னும் என் செவியில் இருக்கிறது.

"கடன் கொடுக்கும் சங்கத்துக்கு இது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். ஒவ்வொருவரும் சிறிது கொடுப்பது, கணக்கை ஒழுங்காக வைப்பது, கடைசி வீடு வரை விடாமல் செல்வது — இம்மூன்றுமே அத்தொண்டின் ரகசியம். முதல் இரண்டும் நாம் அறிந்தவையே. மூன்றாவதுதான் நம்மிடம் குறைவு. பல சங்கங்களில் பொது நன்மை நிதி பேரேட்டில் எழுத்தாக மட்டும் உறங்குவதை நான் கண்டிருக்கிறேன்.

ஆதலால் என் விண்ணப்பம் இது: அடுத்த சொட்டு மருந்து நாளில் சங்கக் கட்டடத்தைத் திறந்து விடுங்கள். தெருவுக்கு இருவர் வீதம் வீடு வீடாகச் செல்லுங்கள். உப விதிகளுக்கு உட்பட்டு, பொது நன்மை நிதியிலிருந்து கண் சிகிச்சை முகாமுக்கு ஏழைகளை அழைத்துச் செல்லும் வண்டிச் சத்தம் கொடுக்க இன்றே தீர்மானம் செய்யுங்கள். நம் ஊரில் எந்தக் குழந்தையும் வளர்ந்த பின், "எனக்கு ஒருவரும் வரவில்லை" என்று சொல்லும்படி நேரக்கூடாது.